மூன்றாம் துணைத்தேற்றத்தின் பிழை

கம்பத்தைத் தாண்டிக் கூடலூர் போகிற வழியில், நேற்று பேருந்து ஒரு திராட்சைத் தோட்டத்தின் ஓரமாகப் பத்து நிமிடம் நின்றது. முன்னால் ஒரு லாரி பழுதாகிக் கிடந்தது. பந்தலுக்குள் இரண்டு பேர் மருந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். நீல மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த அந்த ஈர நெடி சன்னல் வழியாக ஏறியதும் பக்கத்து இருக்கைக்காரர் முகம் சுளித்தார்.

"சன்னல மூடுங்கம்மா, தல வலிக்கும்."

"கொஞ்ச நேரம் இருக்கட்டும்ண்ணே" என்றேன்.

எனக்கு அது நீ இருந்த இடத்தின் நெடி. உன் நகங்களின் ஓரத்தில் எப்போதும் ஒரு நீலம் இருக்கும். எத்தனை முறை கழுவினாலும் போகாது. நீ எனக்கு எழுதி அனுப்பிய தாள்களின் ஓரங்களிலும் அந்த நீலம் ஒட்டியிருக்கும். அந்தத் தாள்களைப் பற்றி எழுதத்தான் இன்று உட்கார்ந்திருக்கிறேன். நேரில் சொல்லியிருக்க வேண்டியது. அவை என் கைக்கு வந்த பிறகு சொல்வதற்கு எனக்குப் பதினான்கு மாதங்கள் இருந்தன.

மதுரை விடுதியில் முதல் நாள், ஊர் எது என்று நீ கேட்டாய். போடி என்றேன். "ஊரக் கேட்டா போடிங்குறா பாரு" என்று அறையில் இருந்த மற்ற இருவரிடமும் முறையிட்டாய். அன்றிலிருந்து நான் உனக்குப் போடிக்காரி. எங்கள் வீட்டுக்குக் கடைவீதியில் ஏலக்காய்க் கடை. உங்களுக்குக் கூடலூரில் திராட்சைப் பந்தல். இருவரும் முதுகலைக் கணிதம் முடித்து, ஒரே நெறியாளரிடம் ஆய்வுக்குச் சேர்ந்தோம். வகுப்பில் முதலிடம் எப்போதும் உனக்குத்தான். அதில் எனக்குப் பொறாமை இருந்ததில்லை என்று அந்த நாட்களில் எல்லோரிடமும் சொல்வேன்.

நம் கணக்கை இங்கே ஒருமுறை எளிமையாகச் சொல்லிப் பார்க்கிறேன், நீ பொறுத்துக்கொள்வாய். ஓர் அமைப்பில் சில அளவுகள் மெதுவாக நகரும், சில சட்டென்று பாயும். உன் தம்பி கேட்டபோது நீ தோட்டத்துத் தொட்டியைக் காட்டிச் சொன்னாய்: "நெறயிறது மெதுவு, ஒடச்சுக்கிட்டு வழியிறது வேகம். ரெண்டையும் ஒரே கணக்குல எழுதணும்." நாம் எடுத்துக்கொண்ட அமைப்புகளுக்கு இன்னொரு குணமும் இருந்தது. அவற்றின் இயக்கத்தைப் படம் பிடித்துப் பின்னோக்கி ஓட்டி, அதைக் கண்ணாடியில் பார்த்தால், அங்கே தெரிவதும் அதே அமைப்பில் நடக்கக்கூடிய இயக்கமாகவே இருக்கும். காலத் திருப்பச் சமச்சீர் என்று அதற்குப் பெயர். அத்தகைய அமைப்பில் ஓர் எண்ணை மெல்ல மாற்றிக்கொண்டே போனால், ஏதோ ஒரு மதிப்பில் அதன் போக்கே மாறிவிடும். ஒரு பாதை இருந்த இடத்தில் பல பாதைகள் கிளைத்து நிற்கும். அந்தக் கிளைப்பு எங்கே, எப்படி நிகழ்கிறது என்பதுதான் நம் கேள்வி.

மூன்றாம் ஆண்டில் உன் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. தம்பி அப்போதுதான் ஜீப் ஓட்டக் கற்றிருந்தான். பந்தலைப் பார்க்க ஆள் இல்லை. ஆறு மாதத்தில் திரும்பி வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாய். பெட்டியைக்கூட விடுதியில் வைத்துவிட்டுத்தான் போனாய். ஒரு வருடம் கழித்து அதை நான்தான் கூடலூருக்குக் கொண்டுவந்து கொடுத்தேன்.

ஆனால் கணக்கை நீ விடவில்லை. சனிக்கிழமைகளில் நான் போடியிலிருந்து தேனி வந்து, பேருந்து மாறி உன்னிடம் வருவேன். பந்தலுக்கு அடியில், உரச் சாக்கின் மேல் உட்கார்ந்து நோட்டில் எழுதுவோம். கொடிகளைக் கவாத்து வெட்டும் வாரங்களில் நீ வெட்டிக்கொண்டே பேசுவாய், நான் எழுதிக்கொள்வேன். அந்தக் கண்ணாடி நிற்கும் கோட்டை, அதாவது கண்ணாடிக்கோட்டை, இரண்டு முறை வெட்டும் பாதை மூடிய சுற்றாகத்தான் இருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. அதைக்கொண்டு மெதுவும் வேகமும் கலந்த அமைப்பில் சுற்றுகளை எண்ணிவிடலாம் என்று கண்டவள் நீ. அன்று கத்தரிக்கோலைக் கொடியிலேயே மாட்டிவிட்டு வந்து என் நோட்டைப் பிடுங்கினாய்.

"ஏ போடிக்காரி, இங்கன பாரு. வரும்போது எம்புட்டுத் தொலவு ஒட்டிக்கிட்டு வந்துச்சோ, கோட்டத் தாண்டி அம்புட்டுத் தொலவு ஒட்டிக்கிட்டுத்தான் போகணும். பாதியப் போட்டாப் போதும்டி. மறுபாதி கண்ணாடி."

அந்த ஒரு பக்கத்தை வைத்துத்தான் என் ஆய்வேடு எழுந்தது.

அதிலிருந்து எழுதிய கட்டுரையை இதழுக்கு அனுப்பும் வாரத்தில் நெறியாளர் ஆசிரியர் பெயர்களைப் பார்த்தார். மூன்று பெயர் எழுதியிருந்தேன். "அந்தப் பொண்ணு இப்ப எந்த நிறுவனத்துலயும் இல்லையேம்மா. முகவரின்னு எதைப் போடுவ, தோட்டத்தையா? நன்றியில போட்டுரு" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொன்னதாக இப்போதும் நினைக்கவில்லை. கணினியில் உன் பெயரை அழித்தவை என் விரல்கள். அழிக்க ஒரு நொடிதான் ஆனது. மறுத்துச் சொல்ல ஒரு வாக்கியம் மனதிலேயே நின்றது.

அச்சான கட்டுரையை எடுத்துக்கொண்டு உன்னிடம் வந்தேன். பந்தல் நிழலில் நின்றபடியே முழுவதும் படித்தாய். கடைசிப் பக்கத்தில் 'பயனுள்ள உரையாடல்களுக்காக' என்று உனக்கு நன்றி சொல்லியிருந்த வரியில் கொஞ்ச நேரம் நின்றாய்.

"என் இனிஷியலத் தப்பாப் போட்டுருக்கடி" என்றாய்.

"திருத்தச் சொல்றேன்" என்றேன்.

சொல்லவில்லை. நீ அதை மறுபடி கேட்கவும் இல்லை. அன்று எனக்குக் கருவாட்டுக் குழம்பு வைத்துச் சோறு போட்டாய். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மூன்று மாதம் கழித்து ஒரு மத்தியானம் நீ அழைத்தாய். பழைய மடிக்கணினி ஒன்று வாங்கி, நம் சமன்பாடுகளை அதில் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

"சுத்து மூடலடி. கொஞ்சங்கொஞ்சமா நகருது. ஐந்நூறு சுத்துக்கு அப்புறம் எல்லாம் ஒரே எடத்துல வந்து ஒட்டுது."

"அது கணினி பண்ற தப்பு. தசம எடத்துல வர்ற பிழ சேந்துருக்கும்."

"அதத்தான் நானும் நெனச்சேன். பத்து மடங்கு நுணுக்கமா ஓட்டிட்டேன். அதே எடம். மூணாவது துணைத்தேற்றம் இருக்குல்ல, அதுலதான்டி ஏதோ இருக்கு."

மூன்றாவது துணைத்தேற்றம் என்னுடையது. இந்தப் பகுதியில் உள்ள மூடிய சுற்றுகள் எல்லாமே கண்ணாடிக்கோட்டை வெட்டும் என்று அது சொல்கிறது. அரைப் பக்க நிரூபணம். கடைசி வாரத்தில், நீ பார்க்காமல், அவசரத்தில் எழுதியது. நிரூபணம் முடிந்ததென்று கட்டம் போடுமுன் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி படிக்க வேண்டும் என்பது உன் பழக்கம். "தண்ணி குடிச்சியா?" என்றுதான் எப்போதும் கேட்பாய். அந்த அரைப் பக்கத்துக்கு நான் தண்ணீர் குடிக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த நகர்வை உனக்கு முன்பே என் திரையில் நான் பார்த்திருந்தேன். ஒரே ஒரு முறை. படத்தை மூடிவிட்டு, வேறு எண்ணைக் கொடுத்து அழகாக மூடிய சுற்றுகளை வரைந்து கட்டுரையில் சேர்த்தேன். அதனால்தான் போனில் அவ்வளவு சீக்கிரம் பதில் சொல்ல முடிந்தது.

அடுத்த மாதம் எனக்கு மதுரையில் கல்லூரி வேலைக்கு நேர்காணல். இந்தக் கட்டுரையை நம்பித்தான் கூப்பிட்டிருந்தார்கள். நீ கூரியரில் ஒரு தடித்த உறை அனுப்பினாய். பிரிக்காமல் பீரோவில் துணிகளுக்கு அடியில் வைத்தேன். வேலை கிடைத்தது. பிறகு பிரிக்கலாம் என்றிருந்தேன். உன் அழைப்புகளை ஒன்று விட்டு ஒன்று எடுத்தேன். எடுத்தபோதெல்லாம் வகுப்பு இருக்கிறது என்றேன். உறை வந்து சேர்ந்ததா என்று கேட்டாய். "பாக்குறேன்டி, நேரம் வேணும்" என்றேன். அதன் பிறகு நீ கணக்கைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டாய். மழையைப் பற்றி, அப்பா தவறிய பிறகு அம்மாவுக்கு வந்த முழங்கால் வலியைப் பற்றி, தம்பிக்குப் பெண் பார்ப்பதைப் பற்றிப் பேசினாய். நானும் நிம்மதியாகப் பேசினேன்.

அடுத்த வருடம் சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவுக்கு அண்ணன் பிள்ளைகளோடு போயிருந்தேன். எங்கள் வீட்டில் கோயிலுக்குள் போவதில்லை. ராட்டினத்துக்காகவும் மிளகாய் பஜ்ஜிக்காகவும் வருடம் தவறாமல் போவோம். ராட்டின வரிசையில் நிற்கும்போது போன் அடித்தது. உன் பெயர். துணைத்தேற்றம் என்று நினைத்து, போனைப் பைக்குள் போட்டேன். மறுபடி அடித்தது. சின்னவள் மேலே பார்த்து, "அத்தை, போன் அடிக்குது" என்றாள். "அடிக்கட்டும்" என்றேன்.

நீ அப்போது தேனியில், மருத்துவமனைக் கட்டிலில் இருந்தாய். நான் நின்ற இடத்திலிருந்து பேருந்தில் இருபது நிமிடம். எனக்குத் தெரியாது. திருப்பி அழைத்திருந்தால் தெரிந்திருக்கும்.

நான்காம் நாள் தம்பியிடமிருந்து செய்தி வந்தது. காய்ச்சல், மஞ்சள் காமாலை, ஆறே நாள். கூடலூருக்கு வந்தேன். கூடியிருந்த பெண்கள், "கூட்டாளிப் புள்ள வந்துருக்கு, வழி விடுங்க" என்று எனக்கு உன் தலைமாட்டில் இடம் கொடுத்தார்கள். அங்கே உட்கார்ந்திருந்தேன். உன் நகத்து ஓரத்தில் அந்த நீலம் அப்படியே இருந்தது. எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து வாடகை வீடு மாறும்போது உறை கையில் வந்தது. சாமான்கள் எல்லாம் வண்டியில் போய்விட்டன. வெறும் தரையில் உட்கார்ந்து பிரித்தேன். பதினோரு தாள்கள். நான்காம் தாளிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. எண் ஒரு குறிப்பிட்ட மதிப்பைத் தாண்டும்போது, சமச்சீரான சுற்றிலிருந்து ஒரு ஜோடி பிரிகிறது. அந்த இரண்டும் கண்ணாடிக்கோட்டைத் தொடுவதே இல்லை. ஒன்று சுற்றியுள்ள பாதைகளையெல்லாம் தன்னிடம் இழுத்துக்கொள்ளும், மற்றது விரட்டும். ஒன்று மற்றதன் பிம்பம். அப்படி ஒன்று இருக்கவே முடியாது என்று நான் அரைப் பக்கத்தில் நிரூபித்திருந்தேன். அது எங்கே பிறக்கிறது என்பதைக்கூட நீ எழுதி வைத்திருந்தாய். உன் திரையிலும் என் திரையிலும் நகர்ந்து போய் ஒட்டியது அந்த இழுக்கும் சுற்றில்தான்.

கடைசித் தாளின் அடியில் நான்கு வரி. 'நான் தப்பா இருந்தா சொல்லுடி, விட்டுடுறேன். சரியா இருந்தா ரெண்டு பேரும் சேந்து திருத்தி அனுப்புவோம். உன் வேல முடியட்டும். அவசரம் இல்ல.'

வண்டிக்காரர் வந்து வாசலில் நின்று இரண்டு முறை கூப்பிட்ட பிறகுதான் எழுந்தேன்.

நெறியாளர் ஓய்வு பெற்றிருந்தார். போனில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "போனவளுக்கு இதனால என்னம்மா ஆகப்போகுது? ஒனக்குத்தான் கெட்ட பேரு" என்றார். திருத்தத்தை உன் பெயரில், உனக்குப் பின் என் பெயரைப் போட்டு அனுப்பப்போகிறேன் என்றேன். அவர், தனக்கு ஆட்சேபம் இல்லை என்று இதழுக்கு எழுதிக் கொடுத்தார்.

இறந்தவர் பெயரைப் போட வேண்டுமானால் குடும்பத்தின் சம்மதம் வேண்டும் என்று இதழ்க்காரர்கள் படிவம் அனுப்பினார்கள். அதை எடுத்துக்கொண்டு தம்பியைப் பார்க்க வந்தேன். காலையில் ஏலத்தோட்டத்துக்குக் குமுளிப் பக்கம் ஆட்களை இறக்கிவிட்டு வந்து, ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்தான். உன் அம்மா பண்ணைப்புரத்தில் உள்ள சின்னம்மா வீட்டுக்குப் போயிருந்தார்கள். எனக்கு உள்ளுக்குள் ஓர் ஆறுதல். அதையும் இங்கே எழுதுகிறேன்.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பெயரை அழித்தது, உறையைப் பிரிக்காதது, எல்லாம். அவன் தண்ணீர்க் குழாயை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"தெரியும் போடிக்கா" என்றான்.

"என்ன தெரியும்?"

"புக்குல அக்கா பேரு இல்லன்னு. அந்தத் தப்பு இருக்குன்னு. நீயே வெளிய எழுதிப் போடுக்கான்னு நாந்தான் சொன்னேன். மாட்டேன்னுருச்சு. அவளுக்கு இப்பத்தான் வேல கெடச்சுருக்கு, போயிரும்டான்னு சொல்லுச்சு."

ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டான். படிவத்தில் உன் இனிஷியலை விரல் வைத்துச் சரிபார்த்தான். பிறகு, என்னைப் பார்க்காமல் சொன்னான்.

"ஆஸ்பத்திரியில இருந்து நாந்தேன் ஒங்களுக்கு அடிச்சேன். பேசணும்னு சொல்லுச்சு. ரெண்டு தடவ அடிச்சேன். மூணாந்தடவ அடிக்கப் போகயில போன வாங்கி வச்சுக்கிருச்சு. விட்ரா, அவளுக்கு வேல இருக்கும்னு."

"என்ன பேசணும்னு சொன்னாளா?"

"சொல்லலக்கா."

அவன் குற்றம் சாட்டுகிற குரலில் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னான். ஜீப்பில் ஏற்றி என்னைப் பேருந்து நிலையத்தில் இறக்கியும் விட்டான்.

கல்லூரியில் துறைத் தலைவரிடம் சொன்னேன். பதவி உயர்வு விண்ணப்பத்திலிருந்து அந்தக் கட்டுரையை எடுத்தேன். அந்த வருடம் உயர்வு வரவில்லை. அதைத் தண்டனை என்று சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமாக இருக்கிறது. மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறது, வகுப்பு நடக்கிறது.

திருத்தத்தைப் பரிசீலித்தவர் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார். ஏழாம் தாளில் நீ 'இது தெளிவு' என்று எழுதித் தாண்டிப்போன வரி, ஏன் தெளிவு? நான் ஆறு வாரம் அதோடு கிடந்தேன். உன்னிடம் கேட்டிருந்தால் கவாத்து வெட்டிக்கொண்டே சொல்லியிருப்பாய். கடைசியில் ஒன்றரைப் பக்கம் எழுதி விடை சொன்னேன். நீ நினைத்த வழி அதுதானா என்பது எனக்குத் தெரியாது. இனி உன் வரிகளுக்கு யார் விளக்கம் கேட்டாலும் நான்தான் சொல்ல வேண்டும். அந்த இடத்தில் நிற்க எனக்கு என்ன தகுதி என்று தெரியவில்லை, ஆனால் வேறு ஆள் இல்லை.

போன வாரம் தம்பி அழைத்தான். படிவத்தில் உன் மின்னஞ்சலுக்குப் பதிலாக அவனுடையதைக் கொடுத்திருந்தேன்.

"போடிக்கா, அக்கா பேருக்கு ஒரு மெயில் வந்துருக்கு. இங்கிலீசுல 'மதிப்பிற்குரிய பேராசிரியர்'னு போட்டுருக்காக. ஏத்துக்கிட்டோம்னு எழுதியிருக்காக. அம்மாவுக்குப் படிச்சுக் காட்டவா?"

"நான் வர்றேன்" என்றேன். அதற்காகத்தான் நேற்றைய பயணம்.

அம்மா வாசலுக்கு வந்து கையைப் பிடித்துக் கூட்டிப்போனார்கள். "வா தாயி, இங்கன ஒக்காரு, வெயில்ல வந்துருக்க." தம்பி மின்னஞ்சலைத் திக்கித் திக்கிப் படித்தான். நான் ஒவ்வொரு வரியையும் தமிழில் சொன்னேன். பிறகு, அவனிடம் சொன்னதையெல்லாம் அம்மாவிடமும் ஒன்று விடாமல் சொன்னேன். அம்மா தரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்கள். எவ்வளவு புரிந்தது என்று தெரியவில்லை. முடித்ததும் ஒன்றுதான் கேட்டார்கள்.

"அப்ப, அவ போட்டது சரிதானா?"

"சரிதாம்மா. முழுசும் சரி. நாந்தான் தப்பு."

அம்மா தலையை ஆட்டிக்கொண்டார்கள்.

"ஒனக்கு அந்தத் தாள அனுப்பிட்டு மொத மூணு மாசமும் சோறு எறங்கலத்தா அவளுக்கு. நாம் போட்டதுதான் தப்போ, நாந்தான் எல்லாத்தையும் மறந்துட்டேனோன்னு அந்தக் கம்ப்யூட்டர் பொட்டிய வச்சுக்கிட்டு ஒக்காந்துருப்பா. சரின்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா தின்னுருப்பா."

திட்டவில்லை. சொல்லிவிட்டு எழுந்து போய் எனக்குக் காப்பி போட்டுக் கொண்டுவந்தார்கள். குடித்தேன். குடிக்காமல் இருக்க முடியவில்லை.

உன் கணக்கு சரி என்பதில் உனக்கு ஒருபோதும் சந்தேகம் இருந்திருக்காது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். என்னை நான் ஆற்றிக்கொள்ள எஞ்சியிருந்த ஒரே இடம் அது. பெயரை எடுத்தேன், பேசாமல் இருந்தேன், ஆனாலும் உனக்குத் தெரியும் நீ யாரென்று, என்று இருந்தேன். நேற்று அதுவும் இல்லாமல் போனது. கூடலூரில் ஒரு சமையற்கட்டில், நீ தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, உன் அறிவையே சந்தேகப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த மூன்று மாதத்தைத்தான் இப்போது என்னோடு எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். அதைத் திருத்தி அனுப்ப எந்த இதழும் இல்லை.

ஏழாம் தாளில் உன் வரிக்கு நான் எழுதிய ஒன்றரைப் பக்கத்தை இதோடு வைக்கிறேன். உன் வழி அதுவாக இல்லாவிட்டால், தவறு என்னுடையது. மற்ற எல்லா வரியும் சரி. நீ போட்டது சரிதான்டி.